பிளாஸ்ரிக், வார்னிசு என்பவற்றில் ஒட்சியேற்ற எதிரிகள்

முற்றத்தில் கிடக்கும் பிளாஸ்ரிக் கதிரை சில வருடங்களில் வெளிறி, வெடித்து, ஒருவர் இருந்தவுடன் கால் முறிந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். "வெயில்தான் காரணம்" என்று மட்டும் எழுதினால் அது பாதி விடையே. வெயில் தொடக்கி வைக்கிறது. தொடர்ந்து அழிப்பது வளியிலுள்ள ஒட்சிசன்.

பொலிபுரொப்பிலீனை எடுத்துக்கொள்வோம். இதன் சங்கிலியில் மீண்டும் மீண்டும் வரும் ஒவ்வோர் அலகிலும் ஒரு புடைக் காபன் அணு உண்டு. அதிலுள்ள ஐதரசன் இலகுவாகப் பறிபோகும். வெப்பத்தாலோ ஒளியாலோ அது நீங்கினால் எஞ்சுவது சோடியற்ற இலத்திரனுடைய சுயாதீன மூலிகம். அது உடனே ஒட்சிசனுடன் சேர்ந்து பரவொட்சி மூலிகமாகும். பரவொட்சி மூலிகம் அயற் சங்கிலியிலிருந்து ஒரு ஐதரசனைப் பறித்து ஐதரோபரவொட்சைட்டாக மாறும். பறிகொடுத்த இடத்தில் புதிய மூலிகம்! ஐதரோபரவொட்சைட்டும் சும்மா இராது. பிளந்து மேலும் இரு மூலிகங்களைத் தரும். இவ்வாறு செல்லும்போது நீண்ட சங்கிலிகள் துண்டாகின்றன, பொருள் நொருங்குகிறது.

ஒட்சியேற்ற எதிரி ஒட்சிசன் உள்ளே வருவதைத் தடுப்பதில்லை. (பலர் புள்ளி இழப்பது இங்கேதான்.) பியூற்றைலேற்றப்பட்ட ஐதரொட்சித் தொலுயீன் போன்ற பீனோல்கள் தமது ஐதரசனைத் தாமே பரவொட்சி மூலிகத்துக்குக் கொடுத்துவிடும். பெயரின் நீளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், வேலை எளியது. பீனோலில் எஞ்சும் மூலிகத்தின் இலத்திரன் வளையமெங்கும் பரவியிருக்கும். இரு பக்கமும் பருமனான கூட்டங்கள் மறைத்து நிற்கும். ஆகவே அது வேறு ஐதரசனைப் பறிக்காது, தொடர் அறுந்துவிடும். பொசுபைற்றுகள் மற்றொரு வகை. இவை ஐதரோபரவொட்சைட்டைத் தீங்கற்ற அற்ககோலாக மாற்றும். பொதுவாகத் திணிவில் 1% இலும் குறைவாகவே இவை சேர்க்கப்படும். வேலை செய்யச் செய்யத் தாமும் செலவாகிவிடுவதால் பாதுகாப்பு நிரந்தரமன்று.

வார்னிசில் கதை சற்று மாறும். ஆளிவிதை எண்ணெய் வார்னிசு காய்வதே ஒட்சியேற்றத்தால்தான். மூலிகங்கள் எண்ணெய் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் படலமாக்குகின்றன. எதிரியைத் தாராளமாகச் சேர்த்தால் கதவு நாட்கணக்கில் கையில் ஒட்டும். சேர்க்காவிட்டால் தகரத்துக்குள்ளேயே ஆடை படியும். எனவே ஒட்சைம் வகைச் சேர்வைகளைச் சிறிதளவு இடுவர். பூசியதும் இவை ஆவியாகிவிட, காய்தல் தடையின்றி நடக்கும். காய்ந்த பின்னும் ஒட்சியேற்றம் மெல்ல மெல்லத் தொடர்வதால் பழைய வார்னிசு மஞ்சளாகி வெடிக்கிறது.

பயிற்சி: நெடுங்காலம் பாவித்த பொலிபுரொப்பிலீன் வாளி, நிழலில் வைத்திருந்தும் ஒருநாள் நொருங்கியது. காரணத்தைப் படிமுறையாக விளக்குக.