நேரில் பார்க்காதவர் எழுதியது

சித்தேரி,
தருமபுரி மாவட்டம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. மலைப் பெரியவர்கள் சொல்லும் பழைய நடப்புகளை எழுதிவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். ஆனால் ‘நான் எதையும் கண்ணால் பார்த்தவள் இல்லையே, நர்சிங் படிக்கிறவளுக்கு இது பொருந்துமா’ என்று தயங்குகிறாய். உன் நிலையிலேயே இருந்த ஒருவரை நீ ஞாயிறுதோறும் வாசிக்கிறாய், கண்ணு. லூக்காவைத்தான் சொல்கிறேன்.

அவர் இயேசுவைப் பார்த்தவர் அல்ல. அதை அவர் மறைக்கவும் இல்லை. தனக்கு முன்பே பலர் எழுத முயன்றார்கள், கண்ணால் கண்டவர்கள் சொல்லிக்கொடுத்த செய்தி இது, எல்லாவற்றையும் அடியிலிருந்து விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்று தியோபில் என்பவருக்குச் சொல்லித்தான் நூலைத் தொடங்குகிறார். நான்கு நற்செய்தியாளர்களில் இப்படித் தன் வேலை என்ன என்று முன்னுரை எழுதியவர் அவர் ஒருவரே.

அவர் வாழ்க்கையைப் பற்றி விவிலியத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். கொலோசையருக்கு எழுதிய கடிதம் அவரை அன்பான மருத்துவர் என்கிறது. பிலமோன் கடிதத்தில் உடன் உழைப்பவர்களின் வரிசையில் ஒரு பெயராக நிற்கிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், மற்றவர்கள் போன பிறகும் சிறையில் கிடந்த பவுலோடு இருந்தவர் அவர் மட்டுமே. மூன்றாம் நற்செய்தியில் எழுதியவரின் பெயர் கிடையாது. லூக்கா எழுதியது என்று 2ஆம் நூற்றாண்டில் இரேனியு போன்றவர்கள் சொல்லிவைத்ததைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. திருத்தூதர் பணிகள் நூலும் அவருடையதே. இரண்டையும் சேர்த்தால் புதிய ஏற்பாட்டில் கால் பங்குக்கு மேல் வரும். அவ்வளவு எழுதியவர், துரோவாத் துறைமுகத்தில் கதைக்குள் தான் நுழையும்போதுகூடத் தன்னைச் சொல்லிக்கொள்ளாமல், ‘அவர்கள்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றியதோடு நிறுத்திக்கொண்டார். நீ எழுதும்போதும் உன்னை அந்த அளவுக்கு வைத்துக்கொள்.

பவுலோடு எருசலேமுக்கு வந்தவர்களில் அந்த ‘நாங்கள்’ இருக்கிறது. பிறகு பவுல் செசரியாவில் இரண்டு ஆண்டுகள் காவலில் கிடக்கிறார். ரோமாபுரிக்குக் கப்பல் ஏறும்போது ‘நாங்கள்’ திரும்ப வருகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் லூக்கா ஊர் ஊராக நடந்து, இயேசுவை அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். யாரை விசாரித்தார் என்பது அவர் எழுதியதிலேயே தெரிகிறது. எலிசபெத்தின் வீட்டுச் செய்தி, வயல்வெளியில் கிடந்த இடையர்கள், நயீன் ஊர்க் கைம்பெண், மார்த்தா வீட்டுச் சச்சரவு, இவையெல்லாம் மற்ற மூவரிடமும் இல்லை. ஏரோதின் மேலாளர் கூசாவின் மனைவி யோவன்னாவைப் பெயர் சொல்லிக் குறித்தவரும் அவர்தான். அரண்மனைச் செய்திகள் அவருக்கு அந்த அம்மா வழியாக வந்திருக்கலாம். சென்னைப் பரங்கிமலைக் கோயிலில் உள்ள மாதா படம் லூக்கா வரைந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். அவர் ஓவியர் என்று விவிலியத்தில் எங்கும் இல்லை. ஆனால் இயேசுவின் பிறப்பை மரியாவின் பக்கமிருந்து சொன்னவர் அவர் ஒருவரே என்பதால், அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது.

ஆகவே நீ திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர்க்கவுண்டரோடு நிறுத்திவிடாதே. அவர் சொல்வது எல்லாருக்கும் தெரியும். அடுப்படிக்குப் போ, சாமை குத்துகிற கிழவிகளிடம் கேள். கல்லறை வெறுமையாக இருக்கிறது என்று முதலில் வந்து சொன்னவர்கள் பெண்கள். திருத்தூதர்களே அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள். அதையும் லூக்கா மறைக்காமல் எழுதிவைத்தார்.

நம் மலையடியில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரசு அதிகாரிகள் அங்கே புகுந்து செய்த கொடுமைகளை அந்த ஊர்ப் பெண்கள் சொன்னபோதும் முதலில் மறுப்புதான் வந்தது. அவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டு கழித்தும் நின்ற சாட்சியம் அது. படிக்காத பெண்ணின் பேச்சு நிற்குமா என்று யாராவது உன்னிடம் கேட்டால் இதைச் சொல்.

ஆனால் ஒன்றில் கவனமாக இரு. சீமோன் வீட்டில் இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்த பெண்ணின் கதையை எழுதிய லூக்கா அவள் பெயரை எழுதவில்லை. யோவன்னாவின் பெயரைச் சொன்னவருக்கு எங்கே சொல்லக்கூடாது என்றும் தெரிந்திருந்தது. நோயாளியின் செய்தியை வெளியே விடக்கூடாது என்று உனக்குக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்களே, அது இங்கும் உண்டு. பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டு எழுது.

சொன்ன அளவை மாற்றாதே. மால்தா அருகே கப்பல் உடைந்த கதையில், ஆழம் பார்த்தபோது முதலில் 20 பாகம், கொஞ்ச தூரத்தில் 15 பாகம் என்றும், கப்பலில் 276 பேர் என்றும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்த இரவு நமக்குக் கலங்காமல் தெரிவதற்கு அந்த எண்கள் ஒரு காரணம். கிழவி ‘எட்டு வள்ளம் சாமை’ என்றால் எட்டு வள்ளம் என்றே எழுது, கிலோவாக்காதே.

நம் முன்னோர் என்று சொல்லப்படும், காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பி கதையை ஊருக்கு ஊர் வேறுவிதமாகச் சொல்வார்கள். சேர்த்து ஒன்றாக்கிவிடத் தோன்றும். 2ஆம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பிணைத்து ஒரே நூலாக்கினார். சிரியாவில் அதை நெடுங்காலம் வாசித்தார்கள். ஆனாலும் நான்கும் நான்காகவே நம் கைக்கு வந்துசேர்ந்தன. இடையர்களை மத்தேயு சொல்லவில்லை, ஞானிகளை லூக்கா சொல்லவில்லை. இரண்டு பேரையும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். நீயும் ஊர்ப் பெயரோடு தனித்தனியாக எழுது.

விடுமுறைக்கு வரும்போது நல்ல நோட்டு ஒன்று வாங்கி வா. போனில் பதிவு செய்வதானால் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். ஆயாவிடமிருந்து தொடங்கு. அவளுக்கு இடது காது கேட்பதில்லை, வலப்பக்கமாக உட்கார். காலையில் நன்றாகப் பேசுவாள், சாப்பிட்ட பிறகு தூங்கிவிடுவாள்.

அன்புடன்,
பெரியப்பா