போலியும் பொருளும்

ஓரெழுத்து நின்ற இடத்தில் வேறோரெழுத்து வந்தும் பொருள் வேறுபடாது நிற்பின், அதனைப் போலி என்பர் இலக்கணத்தார். 'அறம்' என்பது 'அறன்' என நிற்பினும் பொருள் ஒன்றே. இக்காலக் கணினித் திரையிலும் அத்தகைய போலியொன்று உண்டு. வழக்கொழிந்த கையடக்கத் தொலைபேசிகளை இணைய உலாவியிலே தோற்றுவித்து, அவற்றின் விசைகளை மீண்டும் அழுத்திப் பார்க்கச் செய்யும் சிமியுலேற்றர்களையே யாம் கருதினோம். அவை தருவன யாவை, தராதன யாவை என ஈண்டு ஆராய்வாம்.

நோக்கியா 3310ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வாம். பின்லாந்து நாட்டு நிறுவனமாகிய நோக்கியா இதனை 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் அறிமுகஞ் செய்தது. இதன் நிறை 133 கிராம். திரையோ அகலத்தில் 84, உயரத்தில் 48 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 4,032 புள்ளிகளே. ஒவ்வொரு புள்ளியும் கறுத்து நிற்கும், அன்றேல் வெளிறி நிற்கும். ஆதலின் இத்திரையை உலாவியில் வரைதல் எளிது. இன்ன விசைக்கு இன்ன புள்ளிகள் கறுக்க என விதிகளை ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதினாற் போதும்.

இக்கருவிகள் இருவகைப்படும். தோற்றத்தையும் நடத்தையையும் புதிதாய் எழுதிய விதிகளாற் காட்டுவது சிமியுலேற்றர். பழைய கருவியின் உள்ளுறுப்புக்களையே போலச் செய்து, அதன்மேல் மூல நிரலை ஓடவிடுவது எமுலேற்றர். முன்னையது செய்யுளின் கருத்தைத் தம் சொல்லில் உரைப்பாரை ஒக்கும். பின்னையது செய்யுளையே ஓதுவாரை ஒக்கும்.

இனி ஒரு பயிற்சி. சொல்லை ஊகிக்கும் வசதியை நீக்கிவிட்டு, 'அம்மா' என்பதனை உரோம எழுத்தில் ஏ, எம், எம், ஏ என எழுதுக. 2ஆம் விசையில் ஏ, பீ, சீ என்பனவும், 6ஆம் விசையில் எம், என், ஓ என்பனவும் உள. 2ஐ ஒருமுறையும் 6ஐ ஒருமுறையும் அழுத்தியபின் சிறிது பொறுத்தல் வேண்டும். பொறாது 6ஐ மீண்டும் அழுத்தின் 'எம்' 'என்' ஆகிவிடும். அம்மா 'அனா' ஆகிவிடுவார். எம் மாணவர் பலரும் முதன்முறை இங்ஙனமே பிழைத்தனர். அக்காலத்தார் விரல்கள் பயின்ற பொறுமையை நூறு சொற்களால் விளக்குவதினும் இவ்வொரு பிழை நன்கு விளக்கியது.

பழைய கருவியே கையிலிருப்பப் போலி எற்றுக்கு எனின், கூறுதும். சிங்கப்பூரிலே இரண்டாந் தலைமுறை வலையமைப்பு 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அங்கே 3310 பழுதின்றி இருப்பினும் அதனாற் பேசுதல் இயலாது. வலையமைப்பு ஒழிந்த விடத்துக் கருவியின் பழக்கத்தை அறிவிக்கப் போலியே துணை.

நிற்க. எம்மிடமும் அத்தகைய கருவியொன்று இருந்தது. எம் அன்னையார் உரோம எழுத்திலே தட்டி அனுப்பிய சிறு செய்திகள் அதனுள் இருந்தன. "சாப்பிட்டாயா" என்பதற்குமேல் அவற்றிற் பெரும்பாலும் ஒன்றுமில்லை. மின்கலம் வீங்கிக் கருவி கெட்டது. பின்னர் அன்னையாரும் மறைந்தார். சிமியுலேற்றரை முதன்முதல் திறந்த அன்று, எம் விரல் தானாகவே செய்திப்பெட்டிக்குச் சென்றது. அது வெறுமையாய் இருந்தது.

கருவியின் வடிவு மீளும். அதனுள் நாம் இட்டவை மீளா. ஆதலின் மாணவர்காள், வீட்டிலே பழைய தொலைபேசி உளதாயின், அது உயிரோடிருக்கும்போதே அதிலுள்ள செய்திகளை ஒரு கொப்பியில் நாளிட்டுப் பெயர்த்தெழுதுமின். வடிவைக் காப்போர் உலகில் உளர்; பொருளைக் காத்தல் நும் கடன்.