தீபச் சீட்டுக்கு எந்தச் சோதனைக் கருவி?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு மலை உச்சியில் மகா தீபம். இரண்டுக்கும் தனித்தனியாக இணையத்தில் கட்டணச் சீட்டு உண்டு. அப்படியொரு முன்பதிவு மென்பொருளை எஃப் ஷார்ப் மொழியில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'பரணி தீபச் சீட்டு மாலையில் செல்லாது', 'ஒரே ஆதார் எண்ணுக்கு இரண்டாவது சீட்டு கிடையாது' போன்ற விதிகளை மென்பொருள் மீறவில்லை என்பதை எதைக் கொண்டு சோதிப்பது?

கருவியைத் தேடுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தெரியாத, ஆனால் சீட்டு நடைமுறை முழுதும் அறிந்த ஊழியர் ஒருவர் அந்த விதிகளைப் படித்துத் திருத்தப்போகிறாரா? அப்படியானால்தான் கெர்கின் நடையில், அதாவது விதிகளைக் 'கிவன், வென், தென்' என்று தொடங்கும் சாதாரண வாக்கியங்களாக, எழுதும் உழைப்பு வீணாகாது.

முதலில் ரெக்ன்ரோல். கெர்கின் வாக்கியங்களைச் சோதனைகளாக ஓட்டும் இந்தக் கருவி ஸ்பெக்ஃப்ளோவின் வாரிசு. ஸ்பெக்ஃப்ளோவுக்கான ஆதரவு 2024 இறுதியோடு நின்றுவிட்டது. பழைய பாடங்களை நம்பி அதில் இறங்காதீர்கள். ரெக்ன்ரோலில் 'அம்சம்', 'காட்சி' என்று தலைப்புச் சொற்களையும் தமிழிலேயே எழுதலாம். ஊழியருக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்த விதிக் கோப்புகளிலிருந்து ரெக்ன்ரோல் உருவாக்குவது சி ஷார்ப் நிரல். ஆகவே அதற்கென ஒரு சி ஷார்ப் திட்டத்தை வைத்துக்கொண்டு, உங்கள் எஃப் ஷார்ப் படிகளை (ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறைவேற்றும் செயற்கூறுகளை) தனி நூலகமாக இணைக்க வேண்டும். ஒரு படியின் விளைவை அடுத்த படிக்குக் கொடுக்க, மாறும் நிலையைப் பொருளுக்குள் சேமிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும். செயல்சார் மொழியைத் தேர்ந்தவருக்கு இது உறுத்தும்.

அதே கெர்கினைப் படிக்கும் டிக்ஸ்பெக் எஃப் ஷார்ப்போடு நேரடியாகப் பொருந்தும். விதியின் வாக்கியமே செயற்கூற்றின் பெயர். ஒரு படி திருப்பித் தரும் மதிப்பு, அதன் வகையைப் பார்த்து அடுத்த படிக்குப் போய்ச் சேரும்; எதையும் மாற்றி எழுதத் தேவையில்லை. கிவன், வென், தென் போன்ற தலைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் நிற்கும், வாக்கியங்கள் தமிழில் இருக்கலாம்.

எக்ஸ்பெக்டோ என்ற எஃப் ஷார்ப் சோதனை நூலகத்தில் கெர்கின் இல்லை. சோதனைகள் சாதாரண மதிப்புகள். விதிகளைப் படிப்பவர் எல்லாரும் நிரலாளர் என்றால் இதுவே போதும்.

எதை எடுத்தாலும், கூடவே எஃப்எஸ்செக் என்ற சோதனை நூலகத்தை விடாதீர்கள். கிளாசனும் ஹியூஸும் ஹாஸ்கெல் மொழிக்காக 2000இல் அறிமுகப்படுத்திய குயிக்செக்கின் வழிவந்தது அது. 'எந்த வரிசையில் எத்தனை பேர் பதிந்தாலும், ரத்து செய்தாலும், விற்ற சீட்டு ஒதுக்கீட்டைத் தாண்டாது' என்று ஒருமுறை சொன்னால், தானே 100 விதமான உள்ளீடுகளைத் தயாரித்துப் பார்க்கும். தவறு கிடைத்தால் அதைச் சுருக்கி, மிகச் சிறிய உதாரணமாகக் காட்டும். கையால் எழுதும் காட்சிகள் இந்த மூலைமுடுக்குகளை எட்டுவதில்லை.

இந்தச் சீட்டு வேலைக்கு என் தேர்வு டிக்ஸ்பெக்கும் எஃப்எஸ்செக்கும். அந்தச் சில ஆங்கிலச் சொற்களை ஊழியர் ஒரே நாளில் பழகிக்கொள்வார். ரெக்ன்ரோல் கேட்கும் இரண்டாவது மொழித் திட்டத்தைப் பராமரிக்கும் சுமையோ ஆண்டுக்கணக்கில் தொடரும். முதலில் ஐந்து விதிகளை மட்டும் எழுதி அவரிடம் கொடுத்துப் பாருங்கள். படிக்காமலே திருப்பித் தந்தால், கெர்கினை விட்டுவிட்டு எக்ஸ்பெக்டோவுக்குப் போய்விடுங்கள்.