அளவுகோலும் முகங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஆப்பிரிக்காவின் நடுவே, ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என வழங்கப்பெறும் சிறிய நாடு ருவாண்டா. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 100 நாட்களுக்குள் அங்கே 8 லட்சம் முதல் 10 லட்சம் மக்கள் வரை கொல்லப்பட்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் டுட்சிகள். கொலைக்கு உடன்பட மறுத்த ஹுட்டுகளும் பலர். கொன்றவருள் படையினர் உண்டு. ஆனால் அடுத்த வீட்டுக்காரரும், ஒரே தேவாலயத்தில் உடன் மண்டியிட்டவரும் ஏராளம்.

இவ்விரு பிரிவினரும் பேசுவது ஒரே மொழி. வாழ்வது ஒரே குன்றில். பின் யார் ஹுட்டு, யார் டுட்சி என்பதை எவ்வாறு அறிந்தனர்? இங்கேதான் அறிவியல் மாணவனாகிய நான் தலைகுனிய நேர்ந்தது. பிரிவுகள் முன்பே இருந்தன. ஆயினும் ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர் காலத்தில் மக்களின் உயரத்தையும், மூக்கின் நீள அகலத்தையும், மண்டையோட்டையும் கருவி கொண்டு அளந்து, இவர் உயர்ந்தோர், அவர் தாழ்ந்தோர் என்று ‘ஆராய்ச்சி’ செய்தார்கள். 1930களில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வழங்கி, அதில் பிரிவையும் எழுதிவிட்டார்கள். விடுதலைக்குப் பின்னும் அந்த வரி நீங்கவில்லை. 1994இல் சாலைத் தடைகளில் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தே உயிரைப் பறித்தனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆய்வகத்தில் நான் கையில் எடுக்கும் அளவைக் கருவி இப்படியும் பயன்பட்டது என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

இனிக் கண்காட்சிக்கு வருவோம். 20 ஆண்டுகள் கழித்து, 2014இல், பீட்டர் ஹ்யூகோ என்னும் தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ருவாண்டாவின் தென்பகுதிக்குச் சென்று எடுத்த படங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்படங்களைக் கல்லூரி நூலகக் கணினியில் கண்டேன். ஒவ்வொரு படத்திலும் இருவர். ஒருவர் கொடுமை இழைத்தவர்; மற்றவர் அவரால் உற்றாரையோ உடைமையையோ இழந்து, பின் அவரை மன்னித்தவர். இரத்தமில்லை, எலும்பில்லை. வயல்வெளியும், வீட்டு வாசலும், இரு மனிதர்களுமே உள்ளனர்.

இந்த மன்னிப்பு ஒரு நாளில் விளைந்ததன்று. தொண்டு நிறுவனமொன்று இரு தரப்பினரையும் சிறு குழுக்களாக அமர்த்திப் பல மாதங்கள் பேச வைத்தது. முடிவில் குற்றவாளி முறைப்படி மன்னிப்பு வேண்டுவார். கிடைத்தால், உறவினர் சூழ உணவும், சோளத்திலோ வாழைப்பழத்திலோ வடித்த மதுவும் கொண்டு வந்து கொடுப்பார். பாட்டும் ஆட்டமும் நிகழும்.

ஐயம் எழாமலில்லை. ‘கச்சாச்சா’ எனப்படும் ஊர்மன்றங்கள் 2012 வரை பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவருக்கு அங்கே தண்டனை குறைந்தது. அவ்வாறாயின் கேட்கப்பட்ட மன்னிப்பு அனைத்தும் நெஞ்சிலிருந்து வந்ததா? கொடுத்தவருக்கும், அண்டை வீட்டாரோடு பகைத்து வாழ வழி இருந்ததா? புகைப்படக்காரர் இந்த ஐயத்தை மறைக்கவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டானது அதனால்தான். சில இணையர் ஊர்க்கதை பேசியபடி இயல்பாக வந்து அமர்ந்தார்களாம். சிலர் படத்திற்கு நிற்க மட்டும் இசைந்தனர். அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்க அவர்களால் இயலவில்லை. ஒரு படத்தில் தோளில் கை. இன்னொன்றில் இருவருக்கும் நடுவே இடைவெளி. எவரையும் சிரிக்கச் சொல்லவில்லை போலும்! மறுவாழ்வு என்றால் மலர்ந்த முகங்களைத் தேடும் நமக்கு இப்படங்கள் ஏமாற்றம் தரலாம்.

படங்களின் கீழுள்ள குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு மூக்கையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஹுட்டு யார், டுட்சி யார் என்று எனக்குப் புலப்படவில்லை. நண்பர்கள் மூவரிடம் காட்டினேன், அவர்களுக்கும் விளங்கவில்லை.

இனப்படுகொலைக்குப் பின் வந்த அரசு அடையாள அட்டையிலிருந்து பிரிவின் பெயரை நீக்கிவிட்டது. இன்றைய ருவாண்டா மக்களுள் பெரும்பாலோர் 1994க்குப் பின் பிறந்தவர்கள்.