எக்ஸும் பெட்டியும்: பெற்றோருக்கு ஒரு கணக்குப் பாடம்

சனிக்கிழமை காலைகளில் வீவக அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்குத் துணைப்பாடம் நடத்துகிறேன். மகளை அழைத்துச் செல்ல வந்த ஒரு தந்தை, ஒரு நாள் தயங்கித் தயங்கி என்னிடம் பேசினார்.

"தம்பி, நாங்க படிச்ச கணக்கு வேற, இவங்க படிக்கிறது வேற. நான் சொல்லிக் கொடுத்தா, 'டீச்சர் இப்படிச் செய்யச் சொல்லலப்பா'ங்கிறா. இப்பல்லாம் நான் பக்கத்துலயே உட்கார்றதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. தொடக்கநிலை 5 இல் நானும் அதையே செய்தவன்தான். என் தந்தை தஞ்சாவூர்ப் பக்கம் தமிழ்வழியில் பள்ளி படித்தவர். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வார். கப்பல் பட்டறையில் இரவு வேலை முடித்து வந்தும் என் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, 'எக்ஸ் என வைத்துக்கொள்வோம்' என்று தொடங்குவார். "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதன்பின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் இடுவதோடு சரி.

உங்களில் பலரும் துணைப்பாடம் கற்பிப்பவர்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தையாவது பெற்றோருக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. அந்தத் தந்தைக்கு நான் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன்.

மாலாவிடம் இருந்த பணம் ராஜுவிடம் இருந்ததைப்போல் மூன்று மடங்கு. மாலா ராஜுவுக்கு 24 வெள்ளி கொடுத்ததும் இருவரிடமும் சமமான தொகை இருந்தது. முதலில் மாலாவிடம் எவ்வளவு இருந்தது?

அவர் சட்டென்று ராஜுவின் பணத்தை எக்ஸ் என்று வைத்தார். மூன்று எக்ஸில் 24 போனால், ஒரு எக்ஸோடு 24 சேர்ந்ததற்குச் சமம். ஆகவே இரண்டு எக்ஸ் 48, ஒரு எக்ஸ் 24, மாலாவிடம் 72 வெள்ளி. ஒரு குறையும் இல்லை. அவருடைய மகளோ ராஜுவுக்கு ஒரு பெட்டி வரைந்தாள். மாலாவுக்கு அதே அளவில் மூன்று பெட்டிகள். மொத்தம் நான்கு, சமமாக்கினால் ஆளுக்கு இரண்டு. அப்படியென்றால் மாலா கொடுத்தது ஒரு பெட்டி, அதன் மதிப்பு 24. மூன்று பெட்டிக்கு 72.

"அங்கிள், உங்க எக்ஸைத்தான் பாப்பா பெட்டியா வரைஞ்சிருக்கா" என்றேன். அவர் தாளைத் தம் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார்.

பிள்ளைகள் 'மாடல்' என்று சொல்லும் இந்த முறை 1980களில் இங்கே உருவானது. கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழு ஒன்று டாக்டர் கோ தெக் ஹொங் தலைமையில் இதை வடிவமைத்தது. 'மொத்தம்', 'மீதம்' போன்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் கூட்டியோ கழித்தோ விடை காணும் பிள்ளைகள், அச்சொற்கள் இல்லாதபோது திணறினார்கள். சொல்லைத் தேடாமல், தொகைகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கண்ணால் காண வைப்பதே பெட்டியின் வேலை. முதலில் கையால் தொடும் பொருள், அடுத்துப் படம், அதன்பின் குறியீடு என்ற வரிசைக்கு ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளரின் கருத்து அடிப்படை. எக்ஸ் அந்த வரிசையின் கடைசிப் படியில் நிற்கிறது. இயற்கணிதத்தின் தொடக்கம் தொடக்கநிலை 6 இல்தான் வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு நம் பெற்றோர் நேரே அந்தப் படியிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். முறை தவறன்று, பிள்ளை இன்னும் அங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கீழ்வகுப்புகளிலும் இதே குழப்பம். எட்டும் ஏழும் பதினைந்து என்று மனப்பாடமாகச் சொல்ல வேண்டியதை, ஏழை இரண்டும் ஐந்துமாகப் பிரித்து, எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி, மிச்சம் ஐந்தையும் கூட்டுவது எதற்கு என்று தாய்மார்கள் கேட்பார்கள். தேக்காவில் மளிகைக் கடைக்காரர் 37 வெள்ளிக்கு நூறு வெள்ளித் தாளை வாங்கிக்கொண்டு, மூன்று கொடுத்து 'நாற்பது', அறுபது கொடுத்து 'நூறு' என்று எண்ணித் தருவதை நினைவூட்டுங்கள். முகம் மலர்ந்துவிடும். (என் தாத்தா மாகாணி வாய்ப்பாடுவரை ஒப்பிப்பாராம். பதினாறில் ஒரு பங்கை நாக்கு நுனியில் வைத்திருந்த தலைமுறையைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.)

இன்னொரு தடை மொழி. பள்ளியில் கணக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ்வழியில் படித்தவருக்குப் பின்னம் தெரியும், தொகுதி தெரியும், பகுதி தெரியும். மகள் 'நியூமரேட்டர்' என்றதும், தமக்கு எதுவுமே தெரியாது என்று எண்ணி எழுந்துவிடுகிறார். நாம் செய்யக்கூடியது இங்கேதான் அதிகம். இரு மொழிச் சொற்களையும் ஒரே தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கச் சொன்னேன். பெட்டிப் படத்துக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

தேர்வைப் பற்றிய அச்சமும் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் வழிமுறை கணித அடிப்படையில் சரியாக இருந்தால் போதும். பெட்டி வரைந்தே தீரவேண்டும் என்பதில்லை. 2009 முதல் இரண்டாம் தாளில் கணிப்பானுக்கு அனுமதி உண்டு. ஆகவே கூட்டல் பெருக்கலில் வேகம் மட்டும் பிள்ளையைக் கரைசேர்க்காது. அதற்காக வாய்ப்பாட்டைக் கைவிட்டுவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஏழாறு நாற்பத்திரண்டு என்று வராத பிள்ளை, பெட்டியை எத்தனை அழகாக வரைந்தாலும் நடுவழியில் நின்றுவிடுகிறது. முதல் தாளில் கணிப்பானும் இல்லை. அந்தப் பகுதியைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் மகளை விளக்கச் சொல்லுங்கள், பிறகு உங்கள் முறையில் விடையைச் சரிபாருங்கள். மூன்றாம் வாரம் அவர் ஒரு கேள்வியோடு வந்தார். பெட்டிகளைத் தாமே வரைந்திருந்தார், அளவுகோல் வைத்து, கொஞ்சம் அதிகமாகவே நேராக.

அன்று மாலை வீட்டில் மாலா ராஜு கணக்கை என் தந்தையிடம் நீட்டினேன். நான் பென்சிலை எடுப்பதற்குள் "எழுபத்திரண்டு" என்றார்.

"எக்ஸ் வைக்காம எப்படிப்பா?"

"குடுத்ததும் சமமாயிடுச்சுன்னா, வித்தியாசத்துல பாதியைத்தானே குடுத்திருக்கணும்? அப்ப வித்தியாசம் நாற்பத்தெட்டு. மூணு மடங்குன்னா அந்த வித்தியாசம் ரெண்டு மடங்கு. ஒரு மடங்கு இருபத்திநாலு."

இந்த வழியை நான் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டேன்.