பழங்கற்கால உணவும் மார்பகச் சீரமைப்பும்

புற்றுநோயால் மார்பகம் இழந்த பெண்ணொருத்தி இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியவளாகிறாள். இழந்த உறுப்பை மீண்டும் அமைத்துக்கொள்ளலாமா என்பது ஒன்று. தேறுங் காலத்தில் எதனை உண்பது என்பது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவர் மட்டுமே விடை கூறுவர். பின்னதற்கு ஊரார் அனைவரும் விடை கூறுவர். இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்தல் நம் மாணவ மாணவியர்க்குப் பயன்படும் எனக் கருதி இக்கட்டுரையை வரையலாயினேன். யானும் இந்நோயுற்று மீண்டவளாதலின், நூலறிவோடு பட்டறிவும் ஆங்காங்கே கலந்திருக்கும்.

1. நோயும் நாணமும்

தமிழ் இலக்கியத்தில் மார்பகம் வெறும் உறுப்பாகப் பேசப்படவில்லை. மகன் புறமுதுகிட்டான் என்னும் சொல் மெய்யாயின் அவன் பாலுண்ட முலையை அறுத்திடுவேன் என வஞ்சினம் கூறிய முதியவளைப் புறநானூறு காட்டுகிறது. கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரியூட்டியதைச் சிலப்பதிகாரம் விரிக்கிறது. கிறித்தவ மரபிலோ, மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் மார்பகம் அறுக்கப்பட்டு மறைசாட்சியான புனித ஆகத்தம்மாள் இந்நோயுற்றோர்க்குப் பாதுகாவலியாகப் போற்றப்படுகிறாள். அவள் திருநாள் பிப்ரவரி 5. தாய்மையும் கற்பும் மானமும் குடிகொண்ட இடமாக இவ்வுறுப்பு மதிக்கப்பட்டது பெருமைக்குரியதே. எனினும் அம்மதிப்பே நாணமாக மாறி, நோயை மறைக்கத் தூண்டுமாயின் அது கேட்டிற்கு வழியாகும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள திருவெள்ளறை எம் ஊர். புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற அவ்வூரில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் தோண்டுவித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு இன்றும் உள்ளது. நான்கு திசையிலும் படிகள் வளைந்து இறங்குமாறு சுவத்திக வடிவில் அமைந்த அக்கிணற்றில், ஒரு துறையில் நீராடுவோரை மற்றொரு துறையில் நீராடுவோர் காண இயலாது. அதுபற்றியே அதனை மாமியார் மருமகள் குளம் என்றும் சிலர் வழங்குவர். நீராடுமிடத்து இம்மறைவு நன்று. ஆயின் நம் பெண்டிர் மார்பில் தோன்றிய கட்டியையும் இவ்வாறே தாயும் கணவனும் அறியாமல் பல திங்கள் மறைத்து வைக்கின்றனர். இந்தியப் பெண்டிர்க்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றே இன்று முதன்மையானது. வலியற்ற கட்டி, தோற்சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பினின்று குருதி கசிதல் ஆகிய குறிகளுள் ஒன்றைக் கண்டவுடனே மருத்துவரை நாடுவோர் பிழைப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரே சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்தாயிற்று. மறுவருடம் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021இல் மறையும் வரை அதன் தொண்டிலேயே நின்றார்.

2. சீரமைப்பின் வரலாறு

இழந்த உறுப்பைத் தன் உடலின் மற்றொரு பகுதியால் ஆக்கிக்கொள்ளும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவசஜீ என்னும் வண்டியோட்டிக்குப் புனாவில் நெற்றித்தோலால் மூக்கு அமைத்த செய்தி, 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதனைக் கற்ற கார்ப்யூ என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1814இல் தாமும் அவ்வாறே செய்து வெற்றி கண்டார். தோலை முற்றிலும் அறுத்தெடுக்காமல், குருதிக்குழாயுடன் ஒருபுறம் ஒட்டியிருக்க விட்டுத் திருப்பிப் பொருத்துவதே இக்கலையின் உயிர்நிலை. பாய்ச்சற்கால் அறுபடாத பாத்தி வாடாது என்பதை உழவர் அறிவர், இதுவும் அத்தகையதே.

மார்பகத்தைப் பொறுத்தவரை, 1894இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஸ்டெட் வெளியிட்ட முறைப்படி மார்பகமும் அதன்கீழ்த் தசைகளும் அக்குள் முடிச்சுகளும் ஒருங்கே நீக்கப்பட்டன. நோயாளி பிழைத்தாற் போதும் என்பதே அக்காலத்தார் கருத்து. ஆயினும் 1895இல் செருமானியர் செர்னி, ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்து வடிவமைத்தார். 1906இல் இத்தாலியர் தான்சினி முதுகின் அகன்ற தசையைத் தோலோடு முன்புறம் திருப்பிப் பொருத்தினார். அம்முறை நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, 1970களில் மீண்டும் உயிர்பெற்றது. 1962இல் அமெரிக்காவில் சிலிக்கோன் பை முதன்முதல் பொருத்தப்பட்டது. 1982இல் ஆர்ட்ராம்பு என்பவர் அடிவயிற்றுத் தோலும் கொழுப்பும் தசையோடு கொண்டு மார்பமைக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் 1990களில், தசையை விட்டுவிட்டு நுண்ணோக்கியின் துணையால் குருதிக்குழாய்களை மட்டும் இணைக்கும் நுட்பம் வளர்ந்தது.

3. தேர்ந்து கொள்ளும் முறை

இன்று பெண்ணொருத்தியின் முன் மூன்று வழிகள் உள்ளன: பை பொருத்துதல், தன் திசுவால் அமைத்தல், ஒன்றுஞ் செய்யாதிருத்தல். மூன்றும் மதிப்பிற்குரியவையே. பை பொருத்துதலில் அறுவை எளிது. ஆயின் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்க்குப் பையைச் சுற்றி வடு இறுகுதல் மிகுதி. மேற்புறம் சொரசொரப்பான பைகளுட் சில, அரியதொரு நிணநீர்ப் புற்றுடன் தொடர்புடையன என அறியப்பட்டு 2019இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. தன் திசுவால் அமைப்பதில் அறுவை நெடியது. உடலில் இரண்டு வடுக்கள் ஏற்படும். ஆயின் அமைந்த பின்பு அது உடலோடு உடலாய் வாழும். எம்முறையிலும் பழைய உணர்ச்சி முழுதும் திரும்புவதில்லை என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். சீரமைப்பதனால் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்புக் கூடுவதில்லை என்பது ஆய்வால் உறுதிப்பட்டது.

எனக்கு முதுகுத் தசையால் அமைத்தனர். இரண்டு வடிகுழாய்க் குடுவைகளைத் துணிப்பையிலிட்டுச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். கையைத் தலைக்குமேல் உயர்த்தவும் நீர்க்குடம் தூக்கவும் தேங்காய் துருவவும் சில வாரம் தடை. "இந்த வயதில் இஃது எதற்கு?" என்று வினவியோர் பலர். என் மாமியார் மட்டும், "பல் விழுந்தால் கட்டிக்கொள்கிறோம், கால் போனால் கட்டைக்கால் வைக்கிறோம், இதற்கு மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?" என்று அவர்கள் வாயை அடைத்தார். அழகிற்காகவோ என ஐயுறுவோர்க்கு என் விடை இது: குனியும்போதும் சேலை உடுத்தும்போதும் நோயை நினையாதிருக்கும் ஒரு நாளை யான் விரும்பினேன், அது கிடைத்தது.

4. பழங்கற்கால உணவு யாது?

தேறும் நாளில் உறவினர் ஒருவர், தானியம் உண்பதை நிறுத்தினால் புற்று பட்டினியால் மாளும், மருந்தே வேண்டா என்றார். அவர் சுட்டியது பழங்கற்கால உணவு என இன்று வழங்கும் முறையை. உழவு தோன்றுமுன் மாந்தர் உண்ட இறைச்சி, மீன், முட்டை, கிழங்கு, கீரை, கனி, கொட்டை ஆகியவற்றை உண்டு, தானியமும் பருப்பும் பாலும் சர்க்கரையும் தவிர்ப்பதே அம்முறை. 1975இல் வோய்க்ட்லின் என்பவர் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். 1985இல் ஈட்டன், கோனர் என்னும் இருவர் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையால் இக்கருத்துக் கற்றோரிடை பரவிற்று.

பழங்கற்கால ஆராய்ச்சியில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. 1863 மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியே இந்தியாவில் அக்கால ஆராய்ச்சிக்குக் கால்கோள். அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்தின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011இல் வெளியான ஆய்வு கூறிற்று. எனினும் அம்மாந்தர் தானியமே அறியார் என்பது பிழை. இத்தாலியில் சுமார் 30,000 ஆண்டுகட்கு முன் கல்லில் மாவரைத்ததன் சுவடுகளும், கலிலேயக் கடலோரத்தில் 23,000 ஆண்டுகட்கு முற்பட்ட காட்டு வாற்கோதுமையும் கிடைத்துள்ளன. நம் பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவ எயிற்றியரும் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர்.

எவ்வுணவும் புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. உணவை நம்பி அறுவையையும் மருந்தையும் கைவிடுதல் உயிரைப் பணயம் வைத்தலாகும். என் மருத்துவர், "எடை குறையாதவாறு உண்ணுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று சுருங்கச் சொன்னார். அவ்வரம்புக்குள் நின்று அம்முறையின் நன்மையை மட்டும் யாம் எடுத்துக்கொண்டோம்.

5. அடுக்களைப் பாடம்

புண் ஆறுதற்குப் புரதம் இன்றியமையாதது. புற்றுநோயாளி உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் பெறுதல் நன்றென்பர். 60 கிலோ எடையுள்ளவளுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு கிண்ணச் சோற்றில் ஏறத்தாழ 4 கிராமே உளது. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 18 கிராம். சோறும் இரசமுமே பத்தியம் என்று கொடுக்கும் வழக்கம் ஏன் போதாது என்பது இக்கணக்கால் விளங்கும். விரால்மீன் புண்ணாற்றும் என்னும் நம் முன்னோர் வழக்கிலும் பொருளுண்டு.

எங்கள் வீட்டில் காலையில் முருங்கைக்கீரையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி இரண்டு முட்டை உடைத்துக் கிளறுவோம். வாழைப்பூவிற்குப் பருப்பை விடுத்துத் தேங்காய்த் துருவல் சேர்ப்போம். நாட்டுக்கோழியை மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை அம்மியில் தட்டிப் போட்டு மண்சட்டியில் மெல்லக் கொதிக்கவிட்டுச் சாறெடுப்போம். சோற்றிற்கு ஈடாகச் சேப்பங்கிழங்கோ கருணைக்கிழங்கோ புளிநீரில் வேகவைப்போம். புளி அவற்றின் அரிப்பை அடக்கும். அரைப்பதும் துருவுவதும் அத்தை; கிளறுவது யான்.

இரண்டு இடங்களில் விதியைத் தளர்த்தினோம். பெண் இயக்குநீரைக் குறைக்கும் மாத்திரை உண்போர்க்கு எலும்பு மெலிதல் கூடுமாதலால், சுண்ணச்சத்து மிக்க மோரையும் கேழ்வரகையும் விலக்கவில்லை. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் சேர்த்தோம். பதப்படுத்திய இறைச்சி புற்றுக்கு ஏதுவென்றும் ஆட்டிறைச்சி முதலிய செவ்விறைச்சி ஏதுவாகலாமென்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 2015இல் அறிவித்தமையால், மீனும் முட்டையும் கோழியும் மிகுத்து ஆட்டிறைச்சியைச் சுருக்கினோம்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. நோயை மறையாது உடனே காட்டுதல் வேண்டும். சீரமைப்பது நோயுற்றவளின் உரிமை. வேண்டாவெனினும் அவள் உரிமையே. உணவு மருந்துக்குத் துணையாகுமேயன்றி மருந்தின் இடத்தைக் கொள்ளாது. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர், விடுமுறையில் வீடு செல்லும்போது தம் தாயாரிடமும் தமக்கையரிடமும் முதற்செய்தியை மட்டுமாவது கூச்சமின்றி எடுத்துரைப்பாராக. ஓர் உயிர் அதனால் காக்கப்படினும் இவ்வெழுத்து தன் பயனை எய்தியதாகும்.