புது ஊரில் மலை சைக்கிள் துணை

கோவைக்குக் குடிவந்தாச்சு, சைக்கிளில் கூட வர ஆளில்லையா?

1. கியர் சைக்கிள் கடை மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். யார், எந்தப் பக்கம், எந்த நேரம் ஓட்டுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

2. ஞாயிறு காலை மருதமலை அடிவாரம், சிறுவாணி சாலை டீக்கடைகளில் பேச்சுக் கொடுங்கள். ஓட்டிக் களைத்தவர்கள் அங்கேதான் இளைப்பாறுவார்கள்.

3. உங்கள் வேகத்தையும் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொருத்தமான குழு அமையும்.

4. முதல் சவாரியை 20 கி.மீ.க்குள் தார்ச்சாலையில் வையுங்கள். ஒருவரையொருவர் கணிக்க அது போதும்.

5. ஹெல்மெட், மாற்று டியூப், பம்பு எடுத்துச் செல்லுங்கள். பிறருக்கும் உதவினால் நட்பு நிலைக்கும்.

6. ஆனைகட்டிப் பக்கம் வனத்துறை அனுமதியில்லாத காட்டுத்தடத்துக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். அது யானைகள் நடமாடும் இடம்.